நடுவர் தண்ணீர் குடித்த நேரம்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூட மேடையில் ஏறிப் பழகியவன் எவனுக்கும் மனதுக்குள் ஓர் ஆசை உண்டு. பேச்சாளனாக எவ்வளவு கைத்தட்டல் வாங்கினாலும், ஒருநாளாவது நடுவில் போட்டிருக்கும் அந்தப் பெரிய நாற்காலியில் நடுவராக உட்கார வேண்டும். இரண்டு அணியும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் எழுந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்த ஆசை நிறைவேறாமலே காலம் தள்ளுகிறவர்கள் பாக்கியசாலிகள். எனக்கு இளம் வயதிலேயே நிறைவேறிவிட்டது. நடந்த இடம் ஓஸ்லோ. தலைப்பு, 'கல்லூரி அணிகளில் இந்த ஆண்டின் சிறந்த குவாட்டர்பேக் யார்?'

(குவாட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு வருகிற சிரிப்பு எனக்கும் வந்தது. அதை இங்கேயே முடித்துக்கொள்வோம். இது மது சம்பந்தப்படாத கட்டுரை.)

இரண்டாயிரங்களின் தொடக்கம். முதுகலை படிக்க நார்வே போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அப்பா, ஊர் ஊராகப் போகும் நில அளவைக்காரர்களுக்குக் கூலிக்குச் சங்கிலி பிடித்தவர். ஆகவே நான் எதைச் செய்தாலும் அது ஒரு வம்சத்தின் முதல் முயற்சி என்ற கனத்தோடுதான் செய்வேன். பல் விளக்குவதைக்கூட அப்படித்தான் செய்தேன் என்று என்னோடு படித்தவர்கள் சொல்வார்கள்.

ஓஸ்லோவின் கிழக்கே, மெட்ரோ ரயில் அதற்கு மேல் போக மனமில்லாமல் நின்றுவிடும் வெஸ்ட்லியில், பரம் அண்ணை வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். பரம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் மனைவி விமலாக்கா. ஒரே மகன் கஜன், பொறியியல் மாணவன். இந்தக் கஜன்தான் தன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் குவாட்டர்பேக்.

அமெரிக்கக் கால்பந்து என்று பெயரே தவிர, அதில் காலுக்கும் பந்துக்கும் அவ்வளவு பழக்கமில்லை. நீள்உருண்டையாக ஒரு பந்து. அதைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவுசெய்து எறிகிறவன் குவாட்டர்பேக். அவன் முடிவுசெய்துகொண்டிருக்கும்போதே எதிரணியின் தடியர்கள் அவனை மண்ணோடு மண்ணாக்க ஓடி வருவார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்த இவன் பக்கத்திலும் ஐந்து தடியர்கள் உண்டு. ஓஸ்லோவிலும் சுற்றுப்புறத்திலும் சில கல்லூரிகள் தங்களுக்குள் இதை ஆடிக்கொண்டிருந்தன. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் அம்மாக்கள்.

எனக்கும் அங்கே ஒரு பதவி இருந்தது. பந்து எவ்வளவு தூரம் முன்னேறியது என்று அளக்க, மைதானத்தின் ஓரத்தில் இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு சங்கிலி பிடிப்பார்கள். என் கல்லூரிக்கு அணியே கிடையாது, ஆகவே நான் யாரையும் சாராதவன் என்று சொல்லி ஒரு கம்பை என் கையில் கொடுத்துவிட்டார்கள். கடல் தாண்டிப் போய் நானும் சங்கிலிதான் பிடிக்கிறேன் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அப்பா கவலையோடு கேட்டார்.

"அங்கயும் பட்டாத் தகராறாடா?"

அந்த ஆண்டு ஆட்டங்கள் எல்லாம் முடிந்து, சிறந்த ஆட்டக்காரருக்கான கோப்பை யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. இரண்டு பெயர்கள்தான் இருந்தன, இரண்டு பேரும் குவாட்டர்பேக்குகள். ஒருவன் ஹோக்கொன். உயரம், பொன்னிறத் தலை, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எறியும் கை. அவன் அணிதான் அந்த ஆண்டின் சாம்பியன். மற்றவன் நம் கஜன். அவன் அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம். ஆனால் அந்த அணியில் கஜனைத் தூக்கிவிட்டால் மிச்சம் இருப்பது பதினெட்டு பசியுள்ள இளைஞர்கள் மட்டுமே என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

வெற்றி பெற்ற அணியின் தலைவனா, தோற்கிற அணியைத் தனியாகத் தூக்கி நிறுத்தியவனா? கல்லூரி உணவுக்கூடங்களில் இதே பேச்சு. ஆனால் வாதம் உண்மையில் சூடுபிடித்த இடம் வெஸ்ட்லியில் விமலாக்காவின் சாப்பாட்டு மேசை. அங்கே ஹோக்கொனுக்காக வாதாடியவர், கஜனைப் பெற்ற அப்பா.

"தம்பி, நீர் என்னதான் சொல்லும். உந்த ஹோக்கொன்ரை கை கிரேன் மாதிரி. அவன்ரை அணிதானே கப் அடிச்சது? பிறகென்ன கதை?"

"இல்லண்ணே. அவனுக்கு முன்னாடி நிக்கிற அஞ்சு பேரும் சுவர் மாதிரி. அவன் டீ குடிச்சிட்டு எறியலாம். கஜனுக்கு அந்த நேரம் கிடைக்கிறதில்ல."

"நேரம் கிடைக்காட்டி வேகமா எறியோணும். நான் பஸ்ஸிலை ஐஸ் கொட்டுது எண்டு பிந்தி வந்தால் சனம் விடுமே?"

கஜன் புட்டைப் பிசைந்தபடி தலை நிமிராமல் கேட்பான். "அப்பா, நீங்கள் ஒரு கம்ப்புக்காவது வந்தனீங்களே?" (கம்ப் என்றால் அங்கே ஆட்டம்.)

"எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் இருக்கு. தம்பி வந்து சொல்லுறார், அது காணும்."

"இஞ்சருங்கோ, பிள்ளையைச் சாப்பிட விடுங்கோ," என்று விமலாக்கா குழம்பை ஊற்றுவார். "அந்த ஹோக்கொனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான். இவனும் விழுந்தெழும்பி வாறான். ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்டு குடுத்தால் என்ன, கடையிலை கப்புக்குப் பஞ்சமே?"

பரம் அண்ணை சும்மா எதிர்வாதம் செய்யவில்லை. அவருக்கு மகன் இந்த ஆட்டம் ஆடுவதே பிடிக்காது. கையை முறித்துக்கொண்டால் பரீட்சையை யார் எழுதுவது என்ற பயம். அதனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதை என் முன்னாலேயே சொன்னார்.

"முதலாவதா வந்தால் விளையாடு. ரெண்டாவதா வாறதுக்கு ஏன் எலும்பை உடைக்கிறாய்? அந்தக் கப் இந்த வீட்டுக்கு வந்தால் அடுத்த வருசமும் போ. வராட்டி அந்தத் தொப்பியையும் தோள்மூட்டையையும் நிலவறையிலை வைச்சுப் பூட்டுறது."

பிறகு நான் பாத்திரம் கழுவும்போது கஜன் துண்டோடு வந்து பக்கத்தில் நின்றான். "அண்ணா, எனக்கு உந்தக் கப் ஒண்டும் வேண்டாம். விளையாட விட்டால் காணும். வகுப்பிலை நான் ஆரெண்டே ஒருத்தருக்கும் தெரியாது. அங்கை பந்து என்ரை கையிலை வந்தால் இருபது பேர் நான் என்ன செய்யப்போறன் எண்டு பாத்துக்கொண்டு நிப்பாங்கள்."

முதல் பட்டதாரி ஒருவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன ஆவான்? நான் பாத்திரத்தை இரண்டாம் தடவை கழுவினேன்.

கோப்பைக்கான குழுவில் மூன்று பேர். ஹோக்கொனின் பயிற்சியாளர் ஸ்டைனார், கஜனின் பயிற்சியாளர், மூன்றாவதாக அணி சாராத ஒருவர். அணி சாராதவன் என்றதும் ஸ்டைனாருக்கு நான் ஞாபகத்துக்கு வந்தேன். நான் கஜன் வீட்டில் குடியிருப்பவன், என்னைப் போடுவது முறையல்ல என்று நேர்மையாகச் சொன்னேன். ஸ்டைனார் கொஞ்சம் யோசித்தார்.

"நீ அதைச் சொல்லிவிட்டாய் அல்லவா?"

"சொல்லிவிட்டேன்."

"அப்படியென்றால் சரி," என்றார். அந்த நாட்டில் நம்பிக்கை அப்படித்தான் கிடைக்கும், ரசீது கேட்கமாட்டார்கள்.

பயிற்சியாளர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் வாக்களிப்பார்கள் என்பது தெரிந்ததே. ஆக, தீர்ப்பு என் கையில் இருந்தது. நான் கஜனுக்கே வாக்களித்தேன். குடியிருக்கும் வீட்டுக்கான விசுவாசம் என்று நீங்கள் நினைக்கலாம். ஓரத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் அருகிலிருந்து பார்த்தவன் நான். மழை கொட்டிய ஓர் ஆட்டத்தில் இரண்டு தடியர்கள் கஜனை இடுப்பில் மோதி மடக்கினார்கள். அவன் விழுந்துகொண்டே, கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டே எறிந்த பந்து, போக வேண்டியவன் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. எழுந்ததும் அவன் செய்த முதல் வேலை, தன்னை வீழ்த்தியவனைக் கைகொடுத்துத் தூக்கியது. இதையே மற்ற இருவரிடமும் சொன்னேன். ஸ்டைனார் தலையாட்டினார். "தோற்றுவிட்டேன். நியாயம்தான். விழாவில் நீயே அறிவித்துவிடு."

கூடவே ஓர் அறிவுரையும் சொன்னார். "சுருக்கமாக இருக்கட்டும். பெயர், காரணம், கோப்பை."

பெயர், காரணம், கோப்பை. இவ்வளவு தெளிவான சொற்களை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. இது மேடைப் பழக்கம் இல்லாதவர்களுக்கான யோசனை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால், தீர்ப்பைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. பண்டிகை நாளில் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்க்கும் எந்த வீட்டுக்கும் இது தெரியும். நடுவர் முதலில் தோற்கப்போகிற அணியைத் தூக்கித் தலைமேல் வைத்துப் பேசுவார். கேட்கிறவர்கள், சரி, இவர்கள்தான் ஜெயித்தார்கள் என்று முடிவே கட்டிவிடுவார்கள். அப்போது நடுவர் நிறுத்தி, டம்ளரை எடுத்து நிதானமாகத் தண்ணீர் குடிப்பார். சபை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். டம்ளரை வைத்துவிட்டு, 'ஆனாலும்...' என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு பேரும் அதுவரை உட்கார்ந்திருந்தார்கள்.

சந்தேகமே வேண்டாம் என்று அப்பாவிடமும் கேட்டேன். மகன் நடுவர் என்றதும் அவர் குரலே மாறிவிட்டது.

"மைக் உண்டா?"

"உண்டுப்பா."

"அப்பச் சரி. யாருக்குன்னு கடைசி வரைக்கும் மூச்சு விட்டுறாத. மொதல்ல தோத்தவன நல்லாத் தூக்கிப் பேசு. வெளியூர்ப் புள்ள, மனசு நொந்து போகக் கூடாது பாரு."

அந்த வெளியூர்ப் பிள்ளையின் ஊரில்தான் நான் இருக்கிறேன் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

உரையை நார்வே மொழியில் எழுதி, அடுக்குமாடியின் அடித்தளத்தில் இருந்த சலவை அறையில் நின்று மனப்பாடம் செய்தேன். சலவை இயந்திரங்கள் சபையாக இருந்தன. (நல்ல சபை. சுற்றிச் சுற்றிக் கேட்டன.) வீட்டில் வாயைத் திறக்கவில்லை. பரம் அண்ணை மட்டும் விழாவுக்கு முதல்நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இஞ்சை இருக்கிறம் எண்டு பாக்காதேயும். நியாயம் எதுவோ அதைச் சொல்லும்."

"சரிண்ணே."

"கஜனுக்கு இல்லையெண்டால் இல்லைத்தான்." போனவர் திரும்பி வந்தார். "இல்லையோ?"

"அண்ணே, நான் நடுவர்."

"ஓம், ஓம். அது சரி," என்று மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

விழா ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்தது. காகித விரிப்புப் போட்ட மேசைகள், ஒரு பக்கம் பீட்சா, இன்னொரு பக்கம் பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள். மேடையில் மைக், ஒரு சின்ன மேசை, அதன் மேல் கோப்பை, பக்கத்தில் எனக்காக நானே கேட்டு வாங்கி வைத்த ஒரு டம்ளர் தண்ணீர். கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். (யார் கல்யாணம் என்பது நினைவில்லை. என்னுடையது இல்லை.) பரம் அண்ணை கழுத்துப்பட்டி கட்டி முன்வரிசை மேசையில் இருந்தார். விமலாக்கா சேலையில். கஜன் தன் அணியினரோடு.

நான் ஹோக்கொனிலிருந்து தொடங்கினேன். அவன் கையைப் புகழ்ந்தேன். அவன் அணி வென்ற கோப்பையைப் புகழ்ந்தேன். அவன் உயரத்தையும், அதைக் கொடுத்த பெற்றோரையும், அவர்களைத் தந்த இந்த நாட்டின் மலைகளையும் புகழ்ந்தேன். மண்டபம் அசையாமல் இருந்தது. சபை சொக்கிப் போய்விட்டது என்று நினைத்தேன், சொக்கிப் போயிருந்தவன் நான். குரலை உயர்த்தி, "இவன் திறமையை மறுக்க இந்தச் சபையில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில், கைத்தட்டல். அங்கே பின்வரிசையில் ஒரு பெரியவர் மரியாதையாகக் கையைத் தூக்கி, "இல்லை, நான் மறுக்கவில்லை," என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் மறுக்கவில்லை என்று தெரிவித்தார்.

அவர்களுக்கு நன்றி சொன்னேன். பிறகு, நடுவர்களுக்கே உரிய அந்தக் கம்பீரத்தோடு நிறுத்தி, டம்ளரை எடுத்து, வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், என் பேச்சுக்காக என்று நினைத்தேன். அதற்குள் ஹோக்கொன் இரண்டு எட்டில் மேடையில் இருந்தான். என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் பிடித்த பிடியில் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என்னை விட்டுவிட்டுக் கோப்பையை எடுத்துத் தலைக்குமேல் தூக்கினான். அவன் அணி மேசையைக் குத்தியது. அவன் அம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவன் மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றிவைத்து அம்மாவுக்கு நன்றி சொன்னான், அப்பாவுக்குச் சொன்னான், தன் முன்னே சுவராக நின்ற ஐவருக்கும் பெயர் சொல்லிச் சொன்னான். நான் அவன் தோளுக்குக் கீழே, கன்னம் இரண்டும் உப்பிப்போய், சங்கு ஊதப்போகிறவன் மாதிரி நின்றேன்.

கீழே பார்த்தேன். உண்மை தெரிந்த பயிற்சியாளர்கள் இரண்டு பேரும் வெளுத்துப்போய் என்னையே பார்த்தார்கள். கஜன் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். அவன் அங்கே பிறந்து வளர்ந்தவன், பட்டிமன்றம் தெரியாது. கை தட்டியது, முகம் மட்டும் எங்கேயோ போயிருந்தது. தொப்பியையும் தோள்மூட்டையையும் அவன் மனதுக்குள் நிலவறைக்கு இறக்கிக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரிந்தது.

அந்தக் களேபரத்தில் அசையாத ஜீவன்கள் இரண்டே இரண்டுதான். பரம் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி நார்வேக்காரரிடம், "பொறுங்கோ, பொறுங்கோ, இனித்தான் 'மென்' வரும்," என்று அவர்கள் மொழியில் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மென் என்றால் ஆனால். விமலாக்கா வாஃபிளை வெட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் விழுங்கினேன். பாதி தவறான வழியில் போனது. இருமி முடித்து, கண்ணீர் வழிய, எட்டாத மைக்கை எட்டிப் பிடித்துச் சொன்னேன்.

"மென்..."

எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஹோக்கொன் மட்டும் கோப்பையோடு மேடையிலேயே நின்றுவிட்டான். இறங்கிப் போகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அப்போதாவது, 'மன்னிக்கவும், வென்றவன் கஜன்' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். எந்த மனிதனும் முடித்திருப்பான். நான் மனப்பாடம் செய்து படித்து மேலே வந்தவன். பாடத்தை நடுவில் வெட்டினால் எனக்கு அடுத்த வரி வராது. இரண்டாம் பாகத்தை முதல் வரியிலிருந்து தொடங்கினேன். தோற்கும் அணியில் நிற்பதன் துயரத்தைச் சொன்னேன். மழையைச் சொன்னேன். விழுந்துகொண்டே எறிந்த பந்தைச் சொன்னேன். ஹோக்கொன் அத்தனை நேரமும் என் பக்கத்தில், பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்துவிட்டுப் போன குழந்தையை வைத்திருப்பது போல அந்தக் கோப்பையை வைத்துக்கொண்டு நின்றான். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். மேசையில் வைக்கப் போனான், அங்கே என் டம்ளர் இருந்தது. விழுந்துகொண்டே எறிந்த பந்து வந்தபோது, நல்ல பையன், ஆமாம் என்று தலையாட்டினான்.

"ஆகவே, இந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர், கஜன்!"

மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. இன்னொரு 'மென்' வருமோ என்று காத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரே ஒரு மேசை மட்டும் தட்டியது. ஸ்டைனார் மெதுவாக எழுந்து, மேடை ஓரத்துக்கு வந்து, காயம்பட்டவனிடம் கேட்பது போலக் கேட்டார்.

"முடிந்ததா?"

"முடிந்தது."

"உறுதியாகவா?"

"உறுதியாக."

அதன் பிறகுதான் கைதட்டினார்கள். ஹோக்கொன் இறங்கி, நேரே கஜனிடம் போய்க் கோப்பையை நீட்டினான். கஜன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம். நீயே வைத்துக்கொள். நீ அம்மாவுக்கு நன்றியெல்லாம் சொல்லிவிட்டாய்."

"உனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்."

"இப்படி எனக்கு வேண்டாம்."

கோப்பை இருவருக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. கோப்பை வீட்டுக்கு வராவிட்டால் அவன் ஆட்டம் முடிந்தது என்பது அந்த மண்டபத்தில் நான்கு பேருக்கு மட்டுமே தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தும் கையை எடுக்கவில்லை. என் தீர்ப்பு வென்றவனையும் தோற்றவனையும் ஒருசேர நிர்க்கதியாக்கியிருந்தது. பட்டிமன்ற வரலாற்றில் இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்போது பரம் அண்ணை எழுந்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு மேடையேறி, மைக்கை வாங்கினார். பேருந்தில் அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் அதே குரலில், நார்வே மொழியில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று நின்று பேசினார்.

"நான் கஜனின் அப்பா. பல வாரமாக என் வீட்டு மேசையில் ஹோக்கொன்தான் சிறந்தவன் என்று வாதாடியவன் நான். ஹோக்கொனின் கை கிரேன் மாதிரி என்று சொன்னேன். உண்மை. ஆனால் கிரேனை யாரும் இடுப்பில் வந்து மோதுவதில்லை."

சிலர் சிரித்தார்கள்.

"ஹோக்கொனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்கிறார்கள். என் மகனுக்கு முன்னால் நிற்கிற ஐந்து பேரும் என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். நன்றாகச் சாப்பிடுவார்கள். சுவர் இல்லை."

கஜனின் அணி மேசை தலைகுனிந்து ஒப்புக்கொண்டது.

தான் பல வாரமாக அடுக்கிய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தானே உடைத்தார். ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவர். நான் சாப்பாட்டு மேசையில் சொன்ன ஒவ்வொரு எறிதலும் அவருக்கு ஞாபகம் இருந்தது. நான் மறந்துபோயிருந்த ஒன்றிரண்டும் இருந்தன. எனக்கு நடுவர் நாற்காலியைக் கொடுத்தவர்கள் தப்பு செய்துவிட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. முடிவில் மைக்கைக் கீழே இறக்காமலே மகனைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"டேய் மோனை, வாங்கு. வாங்கிக்கொண்டு அடுத்த வருசமும் போய் விளையாடு. இவ்வளவு சனத்துக்கு முன்னாலை கதைச்சுப்போட்டு, இனி நான் உன்னை நிப்பாட்ட ஏலுமே?"

கஜன் அப்பாவையே பார்த்தான். "மெய்யாவோ அப்பா?"

"மைக்கிலை சொல்லுறன் எல்லே."

கஜன் கைகளை முன்னால் எடுத்தான். ஹோக்கொன் கோப்பையை அவன் கையில் வைத்தான், பிறகு அவனையும் சேர்த்துத் தூக்கினான். அம்மா அழுததை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்று நான் ஹோக்கொனின் தாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். தொடங்குவதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தயவுசெய்து சுருக்கமாக," என்றார்.

அந்தக் கதை வெஸ்ட்லியிலிருந்து கிளம்பி, எனக்கு முன்னாலேயே எங்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நாட்டின் இன்னொரு மூலையில், ஸ்தவாங்கரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், முன்பின் அறியாத ஒரு தமிழர் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "தம்பி, குடிக்கிறதுக்கு முதல் ஏதும் சொல்ல இருந்தால் சொல்லிப்போடும்," என்றார். ஊரில் அப்பா மட்டும் இன்றுவரை என் பக்கம். நான் செய்ததில் பிழையே இல்லை, வெள்ளைக்காரனுக்குப் பொறுமை கிடையாது என்பது அவர் தீர்ப்பு.

கஜன் அதன் பிறகு படிப்பு முடியும்வரை ஆடினான். எலும்பு ஒன்றும் உடையவில்லை. பரம் அண்ணை ஞாயிற்றுக்கிழமை வேலையை மாற்றிக்கொண்டு ஆட்டங்களுக்கு வரத் தொடங்கினார். அங்கே வந்தும் பழக்கதோஷத்தில் எதிரணிக்காகவே வாதாடினார் என்று கேள்வி.

சில ஆண்டுகள் கழித்துக் கஜனுக்குக் கல்யாணம். மண்டபத்தில் வேட்டி கட்டிய ஹோக்கொன், மாப்பிள்ளைத் தோழனாக, கஜனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு முன் நான் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேச வேண்டும் என்று கஜன் கேட்டுக்கொண்டான். மைக்கை வாங்கிக்கொண்டு தொண்டையைச் செருமினேன். முன்வரிசையிலிருந்து விமலாக்கா எழுந்து, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"தம்பி, மாப்பிளை ஆரெண்டதை முதலிலை சொல்லிப்போட்டுப் பிறகு கதையுங்கோ."